தபால் பெட்டியில் யார் பெயர்?

குளிர்கால செமஸ்டர் தொடங்கியதும் பெர்லினிலிருந்து வரும் கேள்விகள் கூடிவிடும். இந்த முறை வந்தவற்றில் பாதி தபால் பற்றியவை. மீதியையும் கொஞ்சம் தோண்டினால் ஏதோ ஒரு பிரிக்காத கடிதத்தில்தான் போய் நிற்கிறது. அதனால் இந்த இதழ் முழுக்க பெர்லினில் படிக்கிறவர்களுக்கே.

கேள்வி: அக்கா, வந்து ஐந்து வாரம் ஆகிறது. பேங்க் கார்டுக்கு பின் நம்பர் வரவில்லை, இன்சூரன்ஸ் கார்டு வரவில்லை, டாக்ஸ் நம்பரும் வரவில்லை. போன் செய்தால் எல்லோரும் 'அனுப்பிவிட்டோம்' என்கிறார்கள். ஜெர்மனியில் எல்லாம் கச்சிதமாக நடக்கும் என்றார்களே?
- வெட்டிங்கிலிருந்து ஒரு வாசகி

பதில்: இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கீழே இறங்கிப் போய் தபால் பெட்டியைப் பாருங்கள். உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா? இருக்காது என்று பந்தயம் கட்டுவேன். இங்கே அடுக்குமாடி வீடுகளுக்கு ஃபிளாட் நம்பர் பெரும்பாலும் கிடையாது. தெரு, கட்டட எண், அப்புறம் பெயர், முகவரி அவ்வளவுதான். தபால்காரர் பெட்டி வரிசையில் பெயரைத் தேடுவார், காணவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார், பேங்க்காரர் 'அனுப்பிவிட்டோம்' என்று சொல்வது பொய்யே இல்லை.

நான் 2014-இல் வந்தபோது எனக்கும் இதே கதைதான். பெட்டியில் வீட்டை எடுத்திருந்தவரின் பெயர் மட்டும் இருந்தது. ஆறு வாரம் 'வரும் வரும்' என்று இருந்தேன். கடைசியில் மேல்மாடிப் பாட்டி ஒருத்தர் என்னைப் படிக்கட்டில் மறித்து, ஒரு வார்த்தை பேசாமல், பெட்டியை விரலால் இரண்டு தட்டு தட்டிக் காட்டிவிட்டுப் போனார். பையில் இருந்த பிளாஸ்திரியைக் கிழித்து, பால்பாயிண்ட் பேனாவால் பெயரை எழுதி ஒட்டினேன். நாலாம் நாள் முதல் கடிதம் வந்தது.

எந்தப் பெயரை எழுதுவது என்பதில்தான் நம் ஆட்களுக்குச் சிக்கல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் அப்பா பெயர் இருக்கும், ஆகவே ஜெர்மன்காரர்களுக்கு நீங்கள் அப்பாவின் பெயர்தான். ஒரு டாக்டரின் காத்திருப்பு அறையில் 'ஃப்ராவ்', அதாவது திருமதி, என்று சொல்லி என் அப்பா பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். யாரோ இன்னொரு தமிழ்ப் பெண் வந்திருக்கிறாள் போல என்று நான் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அடுத்தவரை அழைத்துவிட்டார்கள். ஆகவே பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல இரண்டு பெயரையும் முழுசாக எழுதுங்கள், இனிஷியல் வேண்டாம். பெயர் ஒட்ட வீட்டுக்காரர் இடம் தரவில்லை என்றால், கடிதம் அனுப்புகிறவர்களிடம் உங்கள் பெயருக்குக் கீழே 'கேர் ஆஃப்' போட்டு பெட்டியில் இருக்கும் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். திரும்பிப் போனவற்றை மறுபடி கேட்க வேண்டியதுதான். அவையும் தபாலில்தான் வரும்.

கேள்வி: நொய்கொல்னில் ஓர் அறை கிடைத்திருக்கிறது. வாடகை குறைவு, இடமும் நன்றாக இருக்கிறது. ஆனால் அன்மெல்டுங் (விலாசப் பதிவு) தர முடியாது என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறார்கள். என் நண்பன் 'என் விலாசத்தில் பதிந்துகொள்' என்கிறான். செய்யலாமா?
- இன்னும் ஹாஸ்டலில் இருக்கும் ஒரு வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. இரண்டுமே வேண்டாம்.

குடிபோன இரண்டு வாரத்துக்குள் விலாசத்தைப் பதிய வேண்டும் என்பது இங்கே சட்டம். அதற்கு வீடு கொடுப்பவர் ஒரு பக்கத் தாளில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், அது அவருடைய கடமை, தயவு கிடையாது. தரமாட்டேன் என்றால் பெரும்பாலும் அவருக்கே அந்த வீட்டை உள்வாடகைக்கு விட அனுமதி இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் நாளைக்கு 'ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி பண்ணு' என்றால் நீங்கள் எந்தத் தாளைக் காட்டிப் பேசுவீர்கள்? அன்மெல்டுங் இல்லாவிட்டால் டாக்ஸ் நம்பர் வராது, வேலையில் சம்பளக் கணக்கு இழுக்கும், விசாவை இங்கே ரெசிடென்ஸ் பெர்மிட்டாக மாற்றும்போதும் அந்தப் பதிவுச் சான்றைத்தான் முதலில் கேட்பார்கள்.

நண்பன் வீட்டில் குடியிருக்காமல் பதிவது போலிப் பதிவு. குடியிருக்காத ஒருவருக்கு விலாசம் கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் போட சட்டத்தில் இடம் இருக்கிறது. அவ்வளவு போடுவார்களா என்று கேட்காதீர்கள், நட்பை வைத்து எதற்கு அந்தச் சோதனை. தவிர, உங்கள் கடிதமெல்லாம் அவன் வீட்டுக்குப் போகும். அவன் லீவில் போன மூன்று வாரத்தில்தான் மிக முக்கியமான கடிதம் வரும், இது எழுதப்படாத விதி.

அன்மெல்டுங்கோடு வரும் அறை மூன்று மாதத்துக்கு மட்டும் என்றாலும் எடுங்கள், உட்கார்ந்துகொண்டு அடுத்ததைத் தேடலாம். அலுவலகத்தில் அப்பாயிண்ட்மெண்ட் இரண்டு வாரத்துக்குள் கிடைக்கவில்லையே என்று பலர் பதறுகிறார்கள். பெர்லினில் அது சகஜம். கிடைக்கிற முதல் தேதியைப் பிடித்து, பதிவு செய்ததற்கான ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொள்ளுங்கள். யாராவது ரத்து செய்த இடங்கள் அலுவலக வெப்சைட்டில் திரும்ப வரும், காலையில் டீ குடித்துக்கொண்டே இரண்டு மூன்று தடவை பாருங்கள்.

அட்வான்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஹீட்டிங் முதலிய செலவு சேராத 'கால்ட்' வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று மாதத் தவணையாகக் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்' என்று எழுதுகிறவருக்கு பதில்கூடப் போடாதீர்கள். அந்த வீடு இருக்கலாம், அது அவருடையதாக இருக்காது.

கேள்வி: மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லி டிவி, ரேடியோ கட்டணம் என்று ஒரு கடிதம். எங்கள் வீட்டில் டிவியே கிடையாது. கிழித்துப் போட்டுவிடலாமா?
- மொவாபிட் வாசகர்

பதில்: 'டிவி இல்லை' என்பது 2012 வரை எடுபட்ட பதில். 2013 முதல் கட்டணம் டிவிப் பெட்டிக்கு இல்லை, வீட்டுக்கு. ஒரு வீட்டுக்கு ஒன்றுதான், எத்தனை பேர் இருந்தாலும். வீட்டில் ஏற்கனவே ஒருவர் கட்டினால் அவருடைய கட்டணக் கணக்கு நம்பரை எழுதிப் பதில் அனுப்புங்கள், பங்கை அவரிடம் கொடுத்துவிடுங்கள். மாணவர் விடுதியில் தனி அறை என்றால் அந்த அறையே தனி வீடாகக் கணக்காகலாம், விடுதி ஆபீசில் கேளுங்கள். பதிவு அலுவலகத்திலிருந்தே உங்கள் பெயர் அவர்களுக்குப் போய்விடுகிறது, அதனால் ஒளிய முடியாது. கிழித்துப் போட்டவர்களுக்கு இரண்டு வருட பாக்கி அபராதத்தோடு மொத்தமாக வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: முதல் செமஸ்டரில் மூன்று பரீட்சை எழுதி இரண்டில் ஃபெயில். அதில் ஒன்று இரண்டாவது தடவையும் போய்விட்டது. மூன்றாவதும் போனால் படிப்பே போய்விடும் என்கிறார்கள், உண்மையா? கல்லூரியில் நான் முதல் ரேங்க். வீட்டில் எல்லாம் பாஸ் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
- அட்லர்ஸ்ஹோஃப், பெயர் வேண்டாம்

பதில்: உண்மைதான். பல பல்கலைக்கழகங்களில் ஒரு பரீட்சைக்கு மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் பெயரை நீக்கிவிடுவார்கள், அதே படிப்பை ஜெர்மனியில் வேறு இடத்தில் தொடர்வதும் அடைபட்டுவிடும். ஆனால் எத்தனை வாய்ப்பு, கட்டாயப் பாடமா, மாற்றுப் பாடம் எடுக்கலாமா என்பதெல்லாம் துறைக்குத் துறை வேறு. உங்கள் படிப்புக்கென்று 'ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங்' என்ற விதிப் புத்தகம் ஒன்று இருக்கும், ஜெர்மனில்தான் இருக்கும், மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டாவது படியுங்கள். சீனியர் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள், அவர் சேர்ந்த வருடத்து விதி வேறாக இருந்திருக்கலாம்.

மூன்றாவதை அவசரப்பட்டு எழுத வேண்டாம். பரீட்சைக்கு நீங்களாகத்தான் பதிய வேண்டும், பதிந்ததைத் திரும்பப் பெறவும் ஒரு கடைசி நாள் உண்டு. அந்த நாளைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அதைத் தாண்டிவிட்டுப் போகாமல் இருந்தால் அதுவும் ஃபெயில்தான். அன்றைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போய் சர்டிபிகேட் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். திருத்திய விடைத்தாளைப் பார்க்க 'ஐன்சிஷ்ட்' என்று ஒரு நாள் வைப்பார்கள், நம் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் போவதில்லை, ஃபெயில் பேப்பரை எதற்குப் பார்க்க வேண்டும் என்று. எனக்கு முதல் பரீட்சையில் 5.0. இங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை பாஸ், 5.0 என்றால் கோவிந்தா. வெட்கத்தோடுதான் போனேன். சின்ன அறை, பையை வெளியே வைக்கச் சொன்னார்கள், மேஜை மேல் என் பேப்பர். ஆறு மதிப்பெண் கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதித் தள்ளியிருந்தேன். ஓரத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி மட்டும். பக்கத்தில் இருந்த அசிஸ்டென்ட் நிதானமாகச் சொன்னார், "இந்த முறை இங்கே ஏன் பொருந்தாது என்றுதான் கேட்டிருந்தோம். நீங்கள் முறையை முழுக்க விளக்கியிருக்கிறீர்கள்." தெரிந்ததையெல்லாம் கொட்டினால் ஏதாவது மார்க் விழும் என்று பதினாறு வருடம் பழகிய கை. நாலு வரி எழுதியிருந்தால் போதும். அடுத்த தடவை அந்த அசிஸ்டென்ட் நடத்தும் பயிற்சி வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்தேன், 2.3 வந்தது. முதல் ரேங்க் ஆசாமிகளுக்குத்தான் இந்தப் பழக்கத்தை விடுவது கஷ்டம், நானும் அந்த ஜாதிதான்.

துறையில் படிப்பு ஆலோசகர் ஒருவர் இருப்பார். மூன்றாவது வாய்ப்புக்கு முன்னால் அவரிடம் போய் உட்காருங்கள், பிறகு போனால் அவரால் வருத்தப்பட மட்டுமே முடியும்.

வீட்டில் சொல்வது. 'எல்லாம் பாஸ்' என்று சொன்னதைக் காப்பாற்ற இன்னும் எத்தனை பொய் சொல்ல வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், மார்க் ஷீட்டை எப்படியும் ஒருநாள் கேட்கப் போகிறார்கள். "இரண்டு பேப்பர் போச்சு, ஒரு செமஸ்டர் அதிகமாகும், இதற்கு இவ்வளவு செலவு" என்று திட்டத்தோடு சொல்லுங்கள். ஒரு வாரம் அழுவார்கள், அப்புறம் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள்.

கேள்வி: பிளாக்ட் அக்கவுண்டிலிருந்து மாதம் 992 யூரோ வருகிறது, போதவில்லை. இரவில் சாப்பாடு டெலிவரி செய்யலாம் என்கிறார் ஒருவர். அவருடைய ஆப் கணக்கையே எனக்கு வாடகைக்குக் கொடுப்பாராம், கையில் பணம் தருவாராம்.
- லிஷ்டன்பெர்க் வாசகர்

பதில்: விசாவுக்காக பிளாக்ட் அக்கவுண்டில் முன்கூட்டியே போட்டு, வருடத்துக்கு 11,904 என்று தூதரகம் காட்டச் சொன்ன தொகையைப் பன்னிரண்டால் வகுத்தால் வருவது இந்த 992. இன்சூரன்ஸுக்கு நூற்றைம்பதை ஒட்டிப் போய்விடும், அறை வாடகை போனால் மிச்சத்தில் பெர்லினில் இழுபறிதான், உங்கள் கணக்கில் தப்பு இல்லை.

ஆனால் அடுத்தவர் கணக்கில் ஓட்டுவது கூடவே கூடாது. வண்டியிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டால் அந்த வேலையில் நீங்கள் இருந்ததற்கே சான்று இருக்காது. அவர் பணம் தராவிட்டால் எங்கே போய்ப் புகார் சொல்வீர்கள்? மாணவர் பெர்மிட்டில் தனி அனுமதி இல்லாமல் சுயதொழிலும் செய்ய முடியாது, ஆகையால் 'ஃப்ரீலான்ஸ்' என்று எழுதியிருக்கும் ஒப்பந்தத்தையும் ஒதுக்குங்கள்.

ஒழுங்காகச் செய்ய இடம் நிறையவே இருக்கிறது. 2024 மார்ச் முதல் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம், முன்பு 120, 240 ஆக இருந்தது. குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கிடைக்கும் மாணவர் உதவியாளர் வேலை இந்த நாள் கணக்கில் சேராது, பெர்லினில் அதற்கென்றே தனி ஊதிய ஒப்பந்தமும் உண்டு. துறை அறிவிப்புப் பலகையை வாரம் ஒருமுறை பாருங்கள், பாடம் எடுத்த அசிஸ்டென்டிடம் நேரில் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்கியே நான் ஒரு வருடம் வீணடித்தேன்.

சம்பளத்தில் வரி பிடித்திருந்தால் அடுத்த வருடம் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். நாலு வருடம் பின்னோக்கிப் போகலாம். 2026-க்கு 12,348 யூரோ வரையிலான வருமானத்துக்கு வருமான வரியே கிடையாது. சம்பளச் சீட்டுகளை ஃபைலில் போட்டு வையுங்கள்.

கேள்வி: நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. வீட்டில் கூட இருப்பவர்கள் ஹலோவுக்கு மேல் பேசுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு வார்த்தைகூட யாரிடமும் பேசவில்லை என்பது ராத்திரிதான் தெரிந்தது. எனக்கு மட்டும்தான் இப்படியா?
- பான்கோவிலிருந்து ஒரு வாசகி

பதில்: டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் எட்டே காலுக்கு வந்து நாலு மணிக்கு முன்னாலேயே போய்விடும், அதுவும் மேகத்துக்குப் பின்னால். என் முதல் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு ரிங்பானில் ஏறி உட்கார்ந்தேன். நகரத்தைச் சுற்றி வட்டமாக ஓடும் ரயில், 27 ஸ்டேஷன், ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். மாணவர் டிக்கெட் இருந்தது, சீட்டுக்கு அடியில் வெதுவெதுப்பாக இருந்தது, மூன்று சுற்று போனேன். ஸ்டேஷன் பெயரை அறிவிக்கும் குரலுக்கு வாய்க்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆகவே உங்களுக்கு மட்டும் இல்லை.

கூட இருப்பவர்கள் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள். நாம் 'ஒருநாள் சேர்ந்து சாப்பிடலாம்' என்போம், அவர்கள் அதை மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு மறந்துவிடுவார்கள். 'வியாழக்கிழமை ஏழு மணிக்கு நான் சமைக்கிறேன், வருகிறாயா?' என்று கேட்டுப் பாருங்கள், காலண்டரை எடுப்பார்கள். வியாழன் வேண்டாம், பதினெட்டு நாள் கழித்து வருகிறேன் என்பார்கள். சிரிக்காதீர்கள், சரியாக ஏழு மணிக்குக் கையில் ஒரு பாட்டிலோடு வந்து நிற்பார்கள். கடுகு தாளிக்கும்போது சமையலறை ஜன்னலை முழுசாகத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் அன்றைக்கு முதல் விருந்தாளி புகை அலாரமாக இருக்கும்.

ஃப்ரீட்ரிஷ்ஷ்ட்ராஸே ஸ்டேஷன் பக்கத்தில் கிரிம் சகோதரர்கள் பெயரில் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தின் பெரிய நூலகம் இருக்கிறது. அறையில் தனியாகப் படிப்பதை விட அங்கே நாலு பேர் இருமுகிற சத்தத்தில் படிப்பது மேல். அந்த ஸ்டேஷனைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று ஞாபகம் வரும். 1980-களில் இலங்கையிலிருந்து தப்பி வந்த தமிழர்கள் பலர் கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, இந்த ஸ்டேஷன் வழியாகத்தான் மேற்கு பெர்லினுக்குள் வந்தார்கள். கையில் பிளாக்ட் அக்கவுண்ட் கிடையாது, அட்மிஷன் லெட்டர் கிடையாது. அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் சேர்ந்து நடத்தும் மயூரபதி முருகன் கோயில் பெர்லினின் பிரிட்ஸ் பகுதியில் இருக்கிறது. பக்தி இருக்கோ இல்லையோ ஒரு வெள்ளிக்கிழமை போய் வாருங்கள். சமையல் பக்கம் போய் 'ஏதாவது வெட்டித் தரவா' என்று கேட்டால், வீடு திரும்புவதற்குள் இரண்டு அம்மாக்களிடம் உங்கள் போன் நம்பர் இருக்கும்.

இதெல்லாம் செய்தும் காலையில் எழவே முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மாணவர் நலச் சேவையின் மனநல ஆலோசனைக்கு எழுதுங்கள். இலவசம், ஆங்கிலத்திலும் பேசலாம். காத்திருக்க முடியாத ராத்திரியில் பெர்லினர் கிரீஸன்டீன்ஸ்ட் என்ற சேவை எந்த நேரமும் போன் எடுக்கும், அதுவும் இலவசம். போவதற்கு முற்றிப்போயிருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

கேள்வி: படிப்பு முழுக்க ஆங்கிலம்தான். ஜெர்மன் கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா?
- ஷார்லோட்டன்பூர்க் வாசகர்

பதில்: படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தருவார்கள். அதில் பத்து மாதம் ஜெர்மன் படிப்பதில் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். இப்போதே ஆரம்பியுங்கள், மேலே சொன்ன கடிதங்களே நல்ல பாடப் புத்தகம்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை அரிசி தீர்ந்துவிட்டது. எல்லாக் கடையும் மூடியிருக்கிறது. என்ன செய்வது?
- பசியோடு, ஃப்ரீட்ரிஷ்ஷைன்

பதில்: ஹவுப்ட்பான்ஹோஃபுக்கு, அதாவது மெயின் ரயில் ஸ்டேஷனுக்குப் போங்கள், ஸ்டேஷனுக்குள் இருக்கும் சூப்பர்மார்க்கெட் ஞாயிறும் திறந்திருக்கும். கூட்டம் தாங்காது. வரிசையில் நிற்கிற பாதிப் பேர் உங்களைப் போல மறந்தவர்கள்தான், போனவாரம் எனக்கு முன்னால் நின்ற பையன் தமிழில் போனில் 'கடை திறந்திருக்குடா, எத்தனை கிலோ?' என்று கேட்டுக்கொண்டிருந்தான்.